கர்ப்பப்பை எடுத்த பிறகு "வெயிட் தூக்காதே" – உங்கள் வீட்டில் என்ன ஆனது?

பின்கட்டு:
அம்மாவுக்கு 42 வயதில் நார்க்கட்டி, கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இந்தக் கதை இங்கே பாதிப் பேர் வீட்டில் இருக்கும், நீட்டவில்லை. மூன்று மாதம் வெயிட் தூக்கக்கூடாது என்றார் டாக்டர், நாங்கள் அதைப் பதினாலு வருடம் கடைப்பிடித்தோம். குடத்தைத் தொட விடவில்லை, மாடிப்படி ஏற விடவில்லை, தெருமுனைக் கடைக்குக்கூட நான்தான்.

எனக்கு உறுத்துவது கொடிக்கயிறு. "எட்டலைடி, கொஞ்சம் இறக்கிக் கட்டு" என்றாள் ஒருநாள். கயிறு தொய்ந்தால் கீழேதானே வரும், எட்டாமல் எப்படிப் போகும்? குள்ளமாகிக்கொண்டிருப்பது அம்மாதான் என்று யோசிக்காமல் இரண்டு விரற்கடை கீழே ஆணி அடித்தேன். இரண்டு வருடம் கழித்து இன்னொரு ஆணி. போன தை மாதம் குனிந்து கோலமாவு டப்பாவை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எக்ஸ்ரேயில் ஒரு முதுகெலும்பு, மிதிபட்ட தீப்பெட்டி மாதிரி முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, எப்போதோ நசுங்கியதாம், யாருக்கும் தெரியவில்லை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் டி ஸ்கோர் மைனஸ் 3.4, அதாவது எலும்பு மெலிந்து பொத்தலாகும் ஆஸ்டியோபோரோசிஸ்.

களத்துமேடு:
என் அம்மாவுக்கும் இதே எலும்புத் தேய்மானம்தான் சகோ, முட்டியில் ஊசி போட்டார்கள், ஒன்றும் சரியாகவில்லை. எங்கள் அப்பத்தா 80 வயதுவரை களையெடுத்தவர், ஒரு கால்சியம் மாத்திரை பார்த்ததில்லை. எல்லாம் இந்தப் பாக்கெட் பால் வந்த பிறகுதான்.

ராப்பாடி:
களத்துமேடு, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சொல்வது மூட்டு. குருத்தெலும்பு தேய்வது வேறு, எலும்பு உள்ளுக்குள்ளே சல்லடையாவது வேறு. முன்னது தினமும் வலிக்கும், பின்னது உடையும்வரை மூச்சுவிடாது. அப்பத்தா களையெடுத்தார் என்று நீங்களே சொல்லிவிட்டு பாலைத் திட்டினால் எப்படி?

என் மனைவிக்கு மார்பகப் புற்று, ஆபரேஷன் முடிந்து லெட்ரோசோல் கொடுத்தார்கள். மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனையும் அந்த மாத்திரை துடைத்துவிடும். புற்றுக்கு அது வேண்டும்தான். ஆனால் எலும்பைக் கரைக்கும் செல்லுக்குக் கடிவாளமே ஈஸ்ட்ரோஜன், அது போனால் கட்டுகிற வேலையைவிடக் கரைக்கிற வேலை முந்திக்கொள்ளும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது "பாவம், களைத்திருக்கிறாள்" என்று கட்டிலிலேயே சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் லேசாகத்தான் வழுக்கினாள், கையை ஊன்றினாள், மணிக்கட்டு போய்விட்டது. வீக்கத்தில் கல்யாண வளையல் கழலவில்லை, வெட்டினார்கள். அந்தக் கட்டரின் கறுக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மல்லிப்பந்தல்:
எனக்கு 53. எலும்பு கரைவதைக் குறைக்க வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை. முதல் வாரமே ஃபில்டர் காபியோடு விழுங்கிவிட்டுப் படுத்தேன், மூன்று நாள் நெஞ்சுக்குழி எரிந்தது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் கேளுங்கள். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் பச்சைத் தண்ணீரில் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அதே வேலைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போடுபவர்கள் நாமாக நிறுத்தவே கூடாது, விட்டால் சேர்த்த எலும்பு சரசரவென்று இறங்கி முதுகெலும்பு வரிசையாக நசுங்கலாம். அப்புறம் நீச்சல், சைக்கிள் எல்லாம் இதயத்துக்கு நல்லது, எலும்புக்குப் பெரிதாகப் போதாது, உடம்பு எடையைக் காலில் தாங்கி நடக்க வேண்டும், கொஞ்சம் பளுவும் தூக்க வேண்டும். விண்வெளியில் எடையே இல்லாமல் மிதக்கிறவர்களுக்கு இடுப்பெலும்பு மாதம் 1 சதவீதத்துக்கு மேல் குறைகிறது, அவர்கள் நல்ல திடகாத்திரமானவர்கள். கட்டிலில் கிடத்திவைத்த நம் ஆட்களை நினைத்துப் பாருங்கள். ராகி 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். விட்டமின் டி 60,000 யூனிட் பொட்டலத்தைத் தினமும் போடுகிறவர்களை எனக்கே தெரியும், அது பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று, சீட்டைப் பாருங்கள். முகாமில் குதிகாலை வைத்துப் பார்க்கும் மெஷின் டெக்ஸா இல்லை. முதுகெலும்பு நசுங்கியவர்கள் குனிந்து கால்விரலைத் தொடும் ஆசனம் செய்யாதீர்கள். பாத்ரூமில் கைப்பிடி...

பின்கட்டு:
அக்கா, நான் யோசனை கேட்கவே இல்லை :) அந்த ஆசனத்தை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், டிவி பார்த்துச் செய்துகொண்டிருந்தாள்.

ராப்பாடி அண்ணா, கட்டில் சாப்பாடு என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாதவிடாய் தானாக நிற்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சில வருடங்களில் இறங்கும், அம்மாவுக்கு அதைச் சுரக்கும் சினைப்பையோடு ஆபரேஷன் டேபிளிலேயே போய்விட்டது, இதை எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. இப்போது பிசியோ சொல்லி ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை நிமிர்ந்து நின்று தூக்குகிறாள். நேற்று கைதாங்கப் போனேன், "தள்ளிப் போடி" என்றாள்.

களத்துமேடு:
சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அம்மாவுக்கு 58. புடவைக் கரை தரையில் இழுபடுகிறது என்று போன மாதம்தான் புலம்பினார், இதைப் படித்ததும் பகீரென்றது. அந்த டெக்ஸா இடுப்புக்கு மட்டும் எடுத்தால் போதுமா?

ராப்பாடி:
இடுப்பு, முதுகு இரண்டும் கேளுங்கள். அதோடு முதுகுக்கு ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரேயும்.