கரடுமுரடான பாதைக்கும் நெடும்பயணத்துக்கும் மின்வாகனம் ஏற்றதா?

பாதைதேடி:
வணக்கம். பதினோரு ஆண்டுகளாக டீசல் ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு காட்டுப்பாதை, மணல்மேடு, ஆற்றுப்படுகை என்று சுற்றி வருகிறேன். வண்டிக்கு வயதாகிவிட்டதால், அடுத்ததாக மின்வாகனம் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். வார இறுதியில் ஒருநாள் காட்டுப்பாதை, ஆண்டுக்கு ஒருமுறை சில ஆயிரம் கிலோமீட்டர் நெடும்பயணம் என்பது என் வழக்கம். தண்ணீரில் இறக்கலாமா, மணலில் பேட்டரி எவ்வளவு தாங்கும், நடுவழியில் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பவைதான் என்னைத் தயங்க வைக்கின்றன. ஓட்டிப் பழகியவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மலைத்தடம்:
இரண்டு மோட்டார்களும் 75 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரியும் கொண்ட மின்வண்டியை மூன்று ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். பாறைப் படிகளில் ஏறும்போதுதான் இதன் அருமை தெரியும். டீசல் வண்டியில் எஞ்சின் அணைந்துவிடாமல் கிளட்சையும் ஆக்சிலரேட்டரையும் மாறி மாறிச் சமாளித்துக்கொண்டே ஏற வேண்டும். மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருவதால், முன்சக்கரம் கல்லின் விளிம்பைத் தொட்டு, டயர் சற்றே அமுங்கி, பிறகு அங்குலம் அங்குலமாக மேலேறுவதைக் காலாலேயே உணர முடிகிறது. இரைச்சல் இல்லாததால் டயருக்கடியில் சரளை நழுவும் ஓசைகூடக் கேட்கிறது. பிடி விடப்போவதை அந்த ஓசையே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

தண்ணீரைப் பொறுத்தவரை அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. பேட்டரியும் மோட்டாரும் நீர்புகாமல் மூடப்பட்டவை; தண்ணீரை உறிஞ்சி எஞ்சின் பழுதாகும் சிக்கலும் இல்லை. மெர்சிடிஸ் ஜி வரிசையின் மின்வாகனம் 850 மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கும்; அதே வரிசையின் பெட்ரோல் வண்டிக்கு வரம்பு 700தான். ஆனால் எல்லா மின்வாகனமும் அப்படிக் கட்டப்பட்டதல்ல. உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் தந்திருக்கும் ஆழத்தைத் தாண்டவே கூடாது.

எடைதான் உண்மையான குறை. நான் சொன்ன மெர்சிடிஸ் மூன்று டன்னுக்கு மேல். ஹம்மரின் மின்வாகனம் நான்கு டன்னைத் தாண்டும். பேட்டரி தரைத்தளத்தில் இருப்பதால் சாய்வான பாதையில் வண்டி கவிழாமல் நிற்கும் என்பது உண்மையே. எனினும் சேற்றில் அச்சுவரை புதைந்த கனமான வண்டியை வெளியே இழுப்பது பெரும்பாடு. ஒரு மழைநாளில் இரண்டு வண்டிகள் சேர்ந்து அரைநாள் போராடித்தான் என் வண்டியை மீட்டன.

நெடுவழி:
மலைத்தடம் சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் நெடும்பயணம் வேறு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதன்படி 75 யூனிட் பேட்டரி என்பது எட்டு லிட்டரைச் சற்றே தாண்டும். எஞ்சின் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கைக்கூட முழுதாகப் பயன்படுத்துவதில்லை, மோட்டாரோ ஏறத்தாழ 90 விழுக்காட்டைப் பயன்படுத்துகிறது என்று ஈடுசெய்து பார்த்தாலும், 25 லிட்டர் டாங்குடன் புறப்படுவதற்குச் சமம். டீசலைக் கேனில் எடுத்துச் செல்லலாம். மின்சாரத்தை அப்படிக் கொண்டுபோக முடியாது. மூன்று கிலோவாட் ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் ஓடினால், காட்டுப்பாதையில் பத்துக் கிலோமீட்டர் தேறினாலே பெரிது.

பாலைவனத்தில் நடக்கும் நெடுந்தூர வண்டிப் பந்தயமான டக்கார் ராலியில் 2024-இல் வென்ற ஆடி (Audi) நிறுவனத்தின் வண்டியை எண்ணிப் பாருங்கள். சக்கரங்களைச் சுழற்றியவை மின்மோட்டார்கள் மட்டுமே. ஆனால் ஓடும்போதே பேட்டரியை நிரப்ப அதற்குள் ஒரு பெட்ரோல் எஞ்சினும் வைத்திருந்தார்கள். பாலைவனத்தில் மோட்டாரின் திறன் ஒருபோதும் தடையாக இருக்கவில்லை, மின்சாரத்தின் இருப்புதான் தடை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பாதைதேடி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஒருநாள் பாதைக்கு எவ்வளவு மின்சாரத்தை ஒதுக்க வேண்டும்?

மலைத்தடம்:
அது நிலத்தைப் பொறுத்தது. பாறைப் பாதையில் நடைவேகத்தில் ஊர்ந்தால் செலவு நீங்கள் அஞ்சும் அளவுக்கு இராது, ஏனெனில் வண்டி நிற்கும் நேரத்தில் மோட்டார் எதையும் செலவழிப்பதில்லை. மணல் வேறு, காற்றழுத்தத்தைக் குறைத்த டயர்களுடன் மணலில் ஓட்டியபோது, தார்ச்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் கேட்கும் என் வண்டி 45 யூனிட் கேட்டது. ஆகவே மணலுக்குப் போகும் நாளில், பேட்டரி பாதிக்கு வருவதற்கு முன்பே திரும்பிவிடுகிறேன்.

சரிவுவழி:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மலை உச்சியில் தங்கினால் அங்கே பேட்டரியை முழுவதும் நிரப்பாதீர்கள். இறக்கத்தில் மோட்டார் வண்டியின் வேகத்தைக் குறைத்தபடியே மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும்; நிரம்பிய பேட்டரி அதை ஏற்காது. மோட்டார் தரும் பிரேக் பிடிப்பு குறைந்து, முழுச் சுமையும் சக்கர பிரேக்குகளின் மேல் விழும். நான் 80 விழுக்காட்டோடு நிறுத்திவிடுவேன். வாங்குவதற்கு முன், வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, பேட்டரியின் அடிப்பகுதியைக் காக்கும் தகடு எவ்வளவு கனமானது என்று நேரில் பாருங்கள். நகரச் சாலைக்கென்று செய்த வண்டிகளில் அது மெல்லிய பிளாஸ்டிக்காகவும் இருக்கக்கூடும்.