ஸ்காட்லாந்து வாக்கெடுப்பு 2014: இன்னும் மனத்தை உறுத்தும் ஒரு சந்திப்பு

கிளைடுக்கரை எழுதியது:

பிரிட்டனிலிருந்து பிரிந்து ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று 2014இல் கேட்ட அந்த வாக்கெடுப்பின்போது அங்கே வாழ்ந்த தமிழர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பவுண்டு, எண்ணெய், ஓய்வூதியம் என்று எல்லா வாதங்களும் உங்களுக்குத் தெரியும் என்பதால் அவற்றை மறுபடி அடுக்க நான் வரவில்லை. ஒரு நிகழ்வை மட்டும் சொல்லிவிட்டு உங்களுடையதைக் கேட்க வந்தேன்.

செப்டம்பர் 18 காலையில், கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அமைந்திருந்த வாக்குச்சாவடிக்கு என் கீழ்வீட்டுக்காரருடன் போனேன். கப்பல் கட்டும் தளத்தில் பற்றவைப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். சாவடியில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பென்சிலை அவர் தொடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பேனாவை எடுத்தார். பென்சில் குறியை இரவோடு இரவாக அழித்துவிடுவார்கள் என்றொரு வதந்தி அப்போது ஓடிக்கொண்டிருந்தது. தாம் குறியிட்டு முடித்ததும் அந்தப் பேனாவை என்னிடம் நீட்டினார். வெளியே வந்த பிறகு, "என் மகன் இந்தத் தெருவில் பிறந்தவன். இப்போது மான்செஸ்டரில் இருக்கிறான், அவனுக்கு வாக்கு இல்லை. நேற்று வந்த உனக்கு உண்டு" என்று சொல்லி, பேனாவைத் திருப்பி வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நடந்துவிட்டார்.

அவர் குறைபட்டாரா, பெருமைப்பட்டாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. காமன்வெல்த் குடிமகன் என்ற முறையில், இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே நான் வாக்களித்தேன். இங்கே வாழ்கிறவர்கள் எல்லாரும் ஸ்காட்லாந்துக்காரர்களே என்று 'ஆம்' அணியினர் வீடு தேடி வந்து சொன்னபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இங்கே வசிக்கிறவர்களுக்கே வாக்கு என்ற அந்த விதியின் மறுபக்கத்தில் அந்த மகன் நிற்கிறான்.

டண்டீச் செவிலி எழுதியது:

நான் அப்போது முதியோர் பிரிவில் பணியாற்றினேன். ஸ்காட்லாந்து அரசு தனிநாட்டுத் திட்டத்தை விளக்கி 2013 நவம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை அறுநூறு பக்கங்களுக்கு மேல் நீண்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பாட்டி அதைக் கட்டிலின் பக்கத்து மேசையில் வைத்திருந்தார். ஓய்வூதியப் பகுதியை எத்தனையோ முறை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், கேட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் அந்தப் பத்தியின்மேல் விரலை வைத்து, "இதெல்லாம் சரி, பணத்தைக் கையில் தருவது யார்?" என்பார். அஞ்சல் வாக்குச்சீட்டு வந்தபோது 'இல்லை' என்று குறித்து, உறையை ஒட்டும்படி என்னிடம் கொடுத்தார். (எதைக் குறித்தார் என்பதை அவரேதான் சொன்னார், நான் எட்டிப் பார்க்கவில்லை.)

அன்று மாலையே பேரன் வந்தான். அவனுடைய பை முழுவதும் 'ஆம்' அணியின் துண்டறிக்கைகள். "உனக்காக 'ஆம்' போட்டுவிட்டேன்டா" என்று பாட்டி அவனிடம் சொன்னார். அவன் குனிந்து அவரைக் கட்டிக்கொண்டபோது, அவன் தோளுக்கு மேலாக அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. டண்டீயில் 57 விழுக்காட்டினர் 'ஆம்' என்றார்கள், நாட்டிலேயே அதுதான் உச்சம். அந்த ஊரில் 'இல்லை' என்பதை உரக்கச் சொல்வதற்கு வயதானவர்களுக்குக் கூச்சமாக இருந்தது.

எடின்பரோக் கணக்கர் எழுதியது:

என்னுடையது சிறியது. அலுவலகத்தில் உடன் பணியாற்றிய ஒருவர், மதிய இடைவேளையில் ஸ்காட்லாந்து வங்கி அச்சிட்ட பத்துப் பவுண்டுத் தாளையும் இங்கிலாந்து வங்கி அச்சிட்டதையும் மேசைமேல் அருகருகே வைத்து, "என் வீட்டுக் கடனை இவற்றில் எதில் கட்டப்போகிறேன் என்று யாராவது சொன்னால் 'ஆம்' போடுகிறேன்" என்றார். எங்கள் மேசையில் யாரும் வாய் திறக்கவில்லை.

டண்டீச் செவிலி சொல்லும் பாட்டியின் கேள்வியும் இதே கேள்விதான். அதைக் கூச்சம், பயம் என்றெல்லாம் சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2014 பிப்ரவரியில் பிரிட்டன் நிதியமைச்சர் ஆஸ்போர்ன், பிரிந்த பிறகும் பவுண்டைப் பகிர்ந்துகொள்ளும் நாணய ஒன்றியத்துக்கு இடமில்லை என்று எடின்பரோவுக்கே வந்து சொன்னார். தொழிற்கட்சியும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் அதையே சொல்லின. அதற்குப் பிறகும், ஆகஸ்டு தொலைக்காட்சி விவாதத்தில் 'இல்லை' அணித் தலைவர் டார்லிங் மாற்றுத் திட்டம் என்னவென்று மறுபடி மறுபடி கேட்டபோது, பவுண்டு நம்முடையதும்தான் என்பதற்கு மேல் அப்போதைய ஸ்காட்லாந்து முதலமைச்சர் சால்மண்டிடமிருந்து தெளிவான பதில் வரவில்லை.

பிரிந்து போக நினைக்கும் எந்தச் சிறு நாட்டுக்கும் நான் சொல்வது இதுதான். முதலில் சொந்த மத்திய வங்கிக்கான திட்டத்தை மக்கள் முன் வையுங்கள். பழைய கடனில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதைப் பேரத்துக்கான மிரட்டலாக ஆக்காதீர்கள். ஸ்காட்லாந்து அதைச் செய்து பார்த்தது, ஆனால் பிரிட்டன் ஒன்றியத்தின் கடன் முழுவதற்கும் தானே பொறுப்பு என்று லண்டன் கருவூலம் 2014 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டதால் சந்தை அசையவில்லை. பிறகு, பொது நாணயத்தைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். செக் குடியரசும் ஸ்லோவாக்கியாவும் 1993 ஜனவரி 1 அன்று சண்டையின்றிப் பிரிந்தன. பொது நாணயம் பிப்ரவரி 8க்கு மேல் தாங்கவில்லை, ஏனென்றால் பிளவு வரும் என்று தெரிந்த உடனேயே பணம் வலுவான பக்கத்துக்கு ஓடிவிடும். கடைசியாக, விலை ஏறி இறங்கும் ஒரே பொருளை நம்பி வரவு செலவுத் திட்டம் போடாதீர்கள். வெள்ளை அறிக்கை எண்ணெய்ப் பீப்பாய்க்கு 110 டாலர் என்று கணக்கிட்டது. 2015 ஜனவரியில் விலை 50 டாலருக்கும் கீழே போயிற்று.

அபர்டீன் எண்ணெய்த்தொழிலாளி எழுதியது:

கணக்கரே, உங்களிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்: அயர்லாந்து 1922இல் தனி ஆட்சி பெற்று, 1928இல் சொந்தப் பவுண்டை வெளியிட்டு, அதை 1979 வரை பிரிட்டன் பவுண்டுக்குச் சமமாகவே வைத்திருந்ததே, அது உங்கள் பாடத்தில் இல்லையா?

எண்ணெயைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். கடல் மேடைக்குப் போகும் ஹெலிகாப்டரில் வழக்கமாக என் பக்கத்தில் உட்காரும் ஒருவர், வேலை போய்விடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக 'இல்லை' என்று வாக்களித்தவர். எங்கள் ஊரே ஏறத்தாழ 59 விழுக்காடு அப்படித்தான் வாக்களித்தது. விலை சரிந்து சில மாதங்களில் ஆட்குறைப்புப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. உயிர்காப்பு உடையைத் திருப்பிக் கொடுக்கும்போது பற்றுச்சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாதுகாப்பான பக்கத்துக்குத்தானே குத்தினேன்" என்று சிரித்தார். விலை சரிந்தால் தனி ஸ்காட்லாந்து திவாலாகியிருக்கும் என்று பேசுபவர்கள், ஒன்றியத்துக்குள் இருந்தபோதே அந்தச் சரிவு யார் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வன்னிக்காரன் எழுதியது:

நான் எந்தப் பக்கம் வாக்களித்தேன் என்பது இங்கே முக்கியமில்லை. ஸ்கொட்லாந்தில் எங்கள் வாக்குச்சாவடி வாசலில் அன்று தூறிக்கொண்டிருந்தது. 'ஆம்' அணிக்காரர் ஒருவர் நனையும் துண்டுப்பிரசுரங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்க, எதிர் அணியைச் சேர்ந்த ஒரு பெண் தன் குடையை அந்தப் பிரசுரக்கட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, அவரோடு கதைத்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள்போலும். நான் உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான் பிறந்த இலங்கையில், 1983 ஆகஸ்டில் அரசியலமைப்பில் கொண்டுவந்த ஆறாவது திருத்தத்துக்குப் பிறகு, தனிநாட்டை அமைதியான முறையில் ஆதரிப்பதே சட்டவிரோதம். அந்தத் திருத்தம் கேட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். நாணயம், கடன், எண்ணெய் பற்றி நீங்கள் இருவரும் அடித்துக்கொள்கிறீர்கள்; சண்டை போட அப்படியொரு கணக்கு உங்களுக்குக் கிடைத்ததே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2012 ஒக்ரோபரில் அப்போதைய பிரிட்டன் பிரதமர் கமரூனும் சால்மண்டும் எடின்பரோவில் உட்கார்ந்து கையெழுத்திட்டதால்தான் இந்தக் கேள்வி ஒரு வாக்குச்சீட்டில் அச்சாகியது.

கிளைடுக்கரை எழுதியது:

வன்னிக்காரன் கண்டது உண்மை, ஆனால் எல்லாம் குடையும் கனிவுமாக இருந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். முடிவு வந்த அன்று மாலை, 19ஆம் தேதி, கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கத்தில் கூடியிருந்த 'ஆம்' அணி இளைஞர்கள்மேல் ஒன்றியக் கொடியோடு வந்த கூட்டம் பாய்ந்தது. அதற்கு முன்பு கிர்கால்டியில் 'இல்லை' அணிக்காகப் பேசிய ஜிம் மர்ஃபிமேல் முட்டை எறிந்தார்கள். எங்கள் குடியிருப்பில் பல மாதங்கள் முகம் கொடுத்துப் பேசாத வீடுகள் இருந்தன.

மகளின் தாய் எழுதியது:

பதினாறு வயதில் வாக்குரிமை கொடுத்தது சரியா என்று அப்போது ஆளுக்கு ஆள் கேட்டார்கள். என் மகள் அந்த வயதில்தான் வாக்களித்தாள், எங்கள் வீட்டில் அதிகம் படித்துவிட்டு வாக்களித்தவளும் அவள்தான். பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சேர வேண்டியிருக்கும், எல்லா நாடுகளின் ஒப்புதலையும் பெறுவது மிகவும் கடினம் என்று ஐரோப்பிய ஆணையத் தலைவர் பரோசோ சொன்னதை எடுத்துக்காட்டி, "அம்மா, ஐரோப்பாவில் படிக்க வேண்டுமென்றால் நான் 'இல்லை' என்றுதான் போட வேண்டும்" என்றாள். அப்படியே போட்டாள். 'இல்லை' 55 விழுக்காட்டோடு வென்றபோது நிம்மதியாகத் தூங்கினாள்.

2016 ஜூன் 24 காலையில் நான் சமையலறைக்குள் வந்தபோது அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா என்று பிரிட்டன் முழுவதும் நடந்த வாக்கெடுப்பில், ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் ஐரோப்பாவோடு இருக்கவே வாக்களித்திருந்தார்கள். அப்படியும் வெளியேற்றம்தான் முடிவு. "எதற்காக இருந்தேனோ அதையே எடுத்துக்கொண்டார்கள்" என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, தேநீரைத்தான் போட்டுக் கொடுத்தேன். கணக்கர் ஐயா கணக்கைப் பார்க்கச் சொல்கிறார். என் மகள் கணக்குப் பார்த்துத்தான் வாக்களித்தாள். தன் பங்குக்கு மட்டும் கணக்குப் போட முடிந்தவளின் விடையைப் பெரிய பங்காளி ஒரே இரவில் மாற்றிவிட முடியும் என்றால், அந்தக் கூட்டுக்குள் இருப்பதற்கும் ஒரு செலவு உண்டு என்பதை அவர் எந்தப் பத்தியில் எழுதுவார்?

எடின்பரோக் கணக்கர் எழுதியது:

அம்மா, அந்தச் செலவை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஐரோப்பிய வெளியேற்றம் இன்னொன்றையும் காட்டியது: ஐம்பது ஆண்டுகூட ஆகாத ஒரு பொருளாதார உறவை அவிழ்க்கவே இத்தனை பாடு. 1707இல் தொடங்கிய உறவை அவிழ்த்து, இங்கிலாந்து எல்லையில் இருக்கும் பெர்விக்குக்கு அருகே சுங்கச்சாவடி போடுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய சந்தை ஒன்றியத்தின் மற்றப் பகுதிகள்தாம். என் தனிப்பட்ட எண்ணம் என்னவென்றால், 2014இல் இருந்ததைவிட இப்போது பிரிவதற்கான நியாயம் கூடியிருக்கிறது, பிரிவதன் சிக்கலும் கூடியிருக்கிறது.

டண்டீச் செவிலி எழுதியது:

நியாயம் கூடியிருந்தும் கேட்க வழியில்லையே. ஒன்றியத்தின் ஒப்புதல் இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்ற முடியாது என்று 2022 நவம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அப்படியே இன்னொன்று வந்தாலும், எங்களைப் போன்றவர்களுக்கு மறுபடி வாக்கு இருக்குமா?

கிளைடுக்கரை எழுதியது:

2014 வாக்கெடுப்பில் யாருக்கு வாக்கு என்பதை, 2012இல் கையெழுத்தான எடின்பரோ உடன்பாட்டுக்குப் பிறகு ஸ்காட்லாந்து நாடாளுமன்றமே வகுத்தது. இன்னொரு வாக்கெடுப்புக்கும் லண்டனின் ஒப்புதல் வேண்டும் என்பதால், அந்தப் பேரத்தில் இதுவும் ஒரு புள்ளியாக வரக்கூடும், இப்போதே உறுதி சொல்வதற்கில்லை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலைப் பொறுத்தவரை, 2020ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, முறையான வசிப்பு அனுமதி உள்ள எந்த நாட்டவரும் வாக்களிக்கலாம். காமன்வெல்த்தாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. வீடு மாறியவர்கள் புதிய முகவரியில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.