கவர் கட்டுற அக்காமாருக்கு ஊசி குத்துது, எதை மாத்தணும்?

அம்பை_சிஸ்டர்:
அம்பாசமுத்திரம் பக்கம் 20 படுக்கை ஆஸ்பத்திரி. ஊசி போட்டதும் மூடியை மாட்டி, டிரேயில வச்சு, நர்சிங் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து கட்டர்ல வெட்டுதோம். அப்படியும் குப்பைக் கவரைக் கட்டுற துப்புரவு அக்காமாருக்குக் கிளவுஸைத் தாண்டி ஊசி ஏறிடுது. என்ன செய்ய? குத்திட்டா முதல்ல எதைப் பாக்கணும்?

தொற்றுத்தடுப்பு_பாளை:
சிஸ்டர், திரும்ப மூடி மாட்டுறதை இன்னைக்கே நிறுத்துங்க. குறி தப்பினா மூடியைப் பிடிச்ச இடதுகை விரல்லதான் ஏறும். மாட்டியே ஆகணும்னா மூடியை டிரேயில படுக்க வச்சு, ஒரே கையால ஊசியை உள்ள நுழைச்சு எடுங்க.

கவருக்குள்ள குத்துறது பெரும்பாலும் சிரிஞ்சு ஊசியா இருக்காது. வென்ஃபிளான் (டிரிப்ஸ் ஏத்தக் கையில போடுற குழாய்) போட்டதும் உருவுற உள் ஊசி, ஸ்கால்ப் வெயின் (டியூப்போட இருக்கிற சின்ன ஊசி), சுகர் பாக்குற லேன்செட்னு கட்டர்ல வெட்டாம விடுற சாமான்தான். பஞ்சோட பஞ்சா கிட்னி டிரேயில கிடக்கும். அப்படியே பஞ்சு போடுற மஞ்சள் கவர்ல கவுத்திடுவாங்க. ஸ்கால்ப் வெயின் டியூப் சுருண்டு துள்ளும், அதையும் பாத்துக்கிடுங்க. கட்டரையும் கூரான சாமான் போடுற வெள்ளை டப்பாவையும் டிராலியிலயே வைங்க, ஊசி எடுத்த கை ரெண்டடி கூட நடக்கக் கூடாது. டப்பா முக்கால் நிறைஞ்சதும் மூடிடணும். கவரைக் கையால அமுக்கிக் காத்தை வெளியேத்தக் கூடாது. கவரோட கழுத்தைப் பிடிச்சு, கால்ல படாமத் தூக்கணும். அக்காமாருக்குக் கனமான ரப்பர் கிளவுஸ் வாங்கிக் கொடுங்க.

டூட்டி_டாக்டர்:
குத்தினதும் சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில கழுவணும். பிதுக்கக் கூடாது, வாயில வச்சு உறிஞ்சக் கூடாது, ஸ்பிரிட்டோ டெட்டாலோ ஊத்தக் கூடாது. கண்ணுல தெறிச்சா வெறும் தண்ணி மட்டும்.

உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது. 72 மணி நேரம் தாண்டினா கொடுக்கிறதில்ல. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மி.கி., தினமும் ஒரு வேளை, 28 நாள். நோயாளியோட ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். நெகட்டிவ்னு வந்தா நிறுத்திக்கலாம். அம்பையிலருந்து பாளை ஹைகிரவுண்ட் ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மையத்துக்கு பஸ்ஸுல போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுமே! முதல் டோஸ் ராத்திரியிலயும் உங்க ஆஸ்பத்திரியிலயே கையில இருக்கணும். குத்துப்பட்டவங்க ரத்தத்தையும் அன்னைக்கே எடுத்து வைங்க.

லேப்_தென்காசி:
எல்லாரும் எச்ஐவிக்குத்தான் பயப்படுதாங்க. எச்ஐவி உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினா ஒட்டுறது 1000ல 3 பேருக்கு. தடுப்பூசி போடாதவங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி 100ல 30 பேர் வரைக்கும் ஒட்டலாம். காய்ஞ்ச ரத்தத்துலயும் 7 நாள் உயிரோட இருக்கும். தடுப்பூசி 0, 1, 6 மாசம்னு மூணு. கடைசி ஊசி போட்டு 1-2 மாசத்துல ஆன்டி-எச்பிஎஸ் (பி-க்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கான்னு பாக்குற) டெஸ்ட் எடுத்து, 10 mIU/mL-க்கு மேல இருக்கான்னு உறுதி பண்ணுங்க. தடுப்பூசியே போடாதவங்களுக்குக் குத்தி, நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தா, அதுக்கான இம்யூனோகுளோபுலின் (தயார் எதிர்ப்புச் சக்தி ஊசி) உடம்பு எடை கிலோவுக்கு 0.06 மி.லி., 24 மணி நேரத்துக்குள்ள. முதல் தடுப்பூசியையும் அன்னைக்கே வேற இடத்துல போட்டிரணும்.

காண்ட்ராக்ட் ஆளுன்னு அக்காமாரை விட்டுடாதீங்க. பாதுகாப்பு சாமான், பயிற்சி, தடுப்பு மாத்திரை மூணையும் ஆஸ்பத்திரி கொடுத்தே ஆகணும்னு 2017 எச்ஐவி சட்டத்துலயே இருக்கு.