எம்.பி.யின் மாத அறிக்கை: பேச்சை எண்ணுவதா, வேலையை எண்ணுவதா?

உவர்மலையான்
எங்கள் திருகோணமலை எம்.பி.மாரில் ஒருவர் போன மாதம் செய்ததை ஒரு துண்டறிக்கையாகப் போட்டிருக்கிறார். முதலாம், மூன்றாம் கிழமைப் பாராளுமன்ற அமர்வுகள் எல்லாவற்றுக்கும் போயிருக்கிறார். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குவலை பற்றி வாய்மூலக் கேள்வி, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணிப் பாலம் பற்றி, அன்றைய அமர்வு முடியும் ஒத்திவைப்பு வேளையில் உரை. ஊரில் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம், பிறகு ஒரு மதகைப் பார்வையிட்டது. நாலு எம்.பி. உள்ள மாவட்டத்தில் ஒருவராவது மாதக் கணக்குக் காட்டுகிறாரே, அதைப் பாராட்டினால் என்ன குறைந்து போகும்?

திருக்கடலூரான்
பாராட்டுங்கோ அண்ணை. கேள்விக்கு அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கிறதா? ‘சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றுதான் சொல்லியிருப்பார். அதை வைத்துக் கறி காய்ச்ச ஏலாது.

விடியப்புறம் கரைக்கு வந்து பாருங்கள். சுருக்குவலைப் போட்டில் இருந்து பாரைக்குட்டியும் கும்பளாவும் பெட்டி பெட்டியாக இறங்கும். பக்கத்தில் சின்ன வலைக்காரன் ஒரு வாளி மீனோடு நிற்பான். வியாபாரி அவனைத் திரும்பியும் பார்க்க மாட்டான். தூரக் கடலில் போட வேண்டிய வலையைக் கரைக்குக் கிட்டப் போட்டால் இதுதான் நடக்கும். கடற்றொழில் சட்டம் 1996 இலேயே இருக்கிறது. பிடிக்கத்தான் ஆள் இல்லை.

கிண்ணியா வாசகன்
நானா, கோபம் நியாயம்தான். ஆனால் கேட்காமலே விட்டால்? பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் ஏறிய பதிலை ஆறு மாதம் கழித்து எடுத்து, ‘நீங்கள்தானே சொன்னீர்கள்’ என்று அதே அமைச்சரிடம் கேட்கலாம். கடற்கரையில் கத்தினால் எந்தப் பதிவும் மிஞ்சாது.

குறிஞ்சாக்கேணியை எடுங்கள். புதுப் பாலம் கட்டவென்று பழையதை எடுத்துவிட்டு, சனத்தை இழுவைப் பாதை என்ற மிதவையில் ஏற்றினார்கள். 2021 நவம்பர் 23 அன்று அது கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளையும் இழந்தோம். அதைச் சபையில் திரும்பத் திரும்பச் சொல்ல ஒருவர் வேண்டும்.

திருக்கடலூரான்
சொல்லும்போது சபையில் எத்தனை பேர்? 225 பேரில் 20 பேர் இருந்தாலே கூட்டம் நடத்தலாம் என்பது அரசியலமைப்பு. ஒத்திவைப்பு வேளை பின்னேரம் வரும். அதற்குள் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். வெற்றுக் கதிரைகளுக்குப் பேசிய வீடியோவைத்தான் நாங்கள் முகநூலில் பார்த்துக் கைதட்டுகிறோம்.

சம்பூர்க்காரி
நான் இரண்டு பக்கமும் இல்லை. அந்த மதகை ஏன் எம்.பி. பார்க்கப் போனார் என்பதுதான் என் கேள்வி. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தரம் மாகாணத்துக்கு. ஒழுங்கையும் மதகும் பிரதேச சபைக்கு. அதற்கு 2025 மே மாதம் தேர்தல் வைத்து உறுப்பினர்களைத் தெரிவு செய்தோமே, அவர்கள் எங்கே? கிழக்கு மாகாண சபையோ 2017 செப்டெம்பரோடு முடிந்தது, பிறகு தேர்தலே இல்லை. அந்த வெற்றிடத்தில் எம்.பி. ஓவர்சியர் வேலை பார்க்கிறார், நாங்களும் அதுதான் அவர் வேலை என்று நம்புகிறோம்.

எங்கள் ஊரைப் பாருங்கள். 2006 இல் இடம்பெயர்ந்தோம். 818 ஏக்கர் காணியை முதலீட்டுக்கென்று வர்த்தமானி போட்டு எடுத்தார்கள். 2015 இல் அந்த வர்த்தமானியை ரத்துச் செய்த பிறகுதான் சனம் உள்ளே போக வழி பிறந்தது. அந்த மட்டத்தில் மல்லுக்கட்டத்தான் எம்.பி. வேண்டும். மதகுக்குக் கொங்கிறீட் போட வேறு ஆள் இருக்கிறது.

உவர்மலையான்
தங்கச்சி சொல்வது சரி, ஆனால் வாக்குக் கேட்டு வரும்போது ‘மதகு என் வேலை இல்லை’ என்று எந்த எம்.பி. சொல்வார்? சொன்னால் அடுத்த முறை வீட்டில்தான் இருப்பார்.

திருக்கடலூரான்
அப்படியென்றால் பிழை எங்கள் மேலும் இருக்கிறது என்கிறீர்கள். சரி, ஏற்றுக்கொள்கிறேன், அரை மனதோடு. ஆனால் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தை விட மாட்டேன். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எல்லாத் திணைக்களமும் ஒரே மேசையில் இருக்கும் நாள் அது. கடற்றொழில் அதிகாரியும் பொலிசும் எதிரே இருக்கும்போது, ‘போன கூட்டத்தில் எடுத்த தீர்மானம் என்னாச்சு?’ என்று எம்.பி. கேட்டாரா? ‘கலந்துகொண்டார்’ என்ற ஒரு சொல்லோடு அறிக்கை முடிகிறது. கலியாண வீட்டுக்கும் கலந்துகொள்ளத்தான் போகிறோம்.

கிண்ணியா வாசகன்
இதில் உங்களோடு நிற்கிறேன் நானா. கேள்வி, கிடைத்த பதில், பொறுப்பான அதிகாரி, இன்றைய நிலை என்று போட்டால் ஒரு பக்கம் போதும். படங்களைக் குறைத்தால் இடமும் வரும்.

உவர்மலையான்
அறிக்கைக்குக் கீழேயே இதை எழுதிவிட்டேன். எம்.பி.யின் செயலாளர் லைக் போட்டிருக்கிறார், பதில் இல்லை.

சம்பூர்க்காரி
லைக்கையும் அடுத்த மாதக் கணக்கில் சேர்ப்பார்கள் போல.

திருக்கடலூரான்
அடுத்த கூட்டத் திகதி தெரிந்தவர்கள் போடுங்கள். மீனவர் சங்கத்து ஆட்களோடு கச்சேரி வாசலில் நிற்கிறேன். உள்ளே விடுவார்களா என்பது வேறு கதை.