1991 சைக்ளோன்: பச்சை விழுந்ததும் பின் டயர் சுத்துது, 60 அடி நேரம் இறங்கவே மாட்டேங்குது

கறுப்பு_வண்டி

வணக்கம். என்கிட்ட 1991 ஜிஎம்சி சைக்ளோன் இருக்கு. 4.3 லிட்டர் வி6 டர்போ, 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், ஆல் வீல் டிரைவ் பிக்கப். இன்ஜின்ல எதுவும் மாத்தல, கம்பெனி விட்டபடியே இருக்கு. ஓஹாயோல இருக்கேன். பக்கத்து டிராக் ஸ்ட்ரிப்புல (நேர்கோட்டு ரேஸ் ட்ராக்) டெஸ்ட் நாள்ல கால் மைல் ஓட்டுறேன்.

கடைசி சிலிப் (ட்ராக்ல தர்ற நேரச் சீட்டு) இது, நேரம் எல்லாம் செகண்ட்ல: முதல் 60 அடி 2.21, 330 அடி 6.19, எட்டுல ஒரு மைல் 9.41, கால் மைல் 14.65, முடிவுல வேகம் மணிக்கு 93 மைல்.

இந்த வண்டி புதுசுல 14.1 போனது. 1991-ல கார் அண்ட் டிரைவர் பத்திரிகை ஃபெராரி 348-ஓட ஓட்டிப் பார்த்தப்போ ஃபெராரி 14.5, இது 14.1. என் வண்டி அரை செகண்டுக்கு மேல பின்தங்குது.

பச்சை விளக்கு விழுந்து பிரேக்கை விட்டதும் பின் டயர் ரெண்டும் கிர்ர்னு சுத்துது. வால் பக்கம் லேசா ஒதுங்குது. அப்புறம் அடியில "டொக்"னு ஒரு சத்தம், முன் சக்கரம் பிடிக்குது, வண்டி பாயுது. பக்கவாட்டுல எடுத்த வீடியோல இது தெளிவா தெரியுது. இடது கால் பிரேக்ல, வலது கால்ல ஆக்ஸிலரேட்டர் கொடுத்து பூஸ்ட் (டர்போ அழுத்தம்) எவ்வளவு ஏறுமோ அவ்வளவும் ஏத்திட்டுத்தான் விடுறேன். டயர் நாலுலயும் காத்து 35 பிஎஸ்ஐ.

இங்க ஒரு ஒர்க்‌ஷாப்புல டிரான்ஸ்ஃபர் கேஸ்ல (முன், பின் சக்கரத்துக்கு பலத்தைப் பிரிச்சுக் கொடுக்குற பெட்டி) இருக்கிற விஸ்கஸ் கப்ளிங் போயிடுச்சு, மொத்தமா மாத்தணும்ங்கிறாங்க. பெரிய செலவு. அதுல இறங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_கியர்

தம்பி, டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இப்போதைக்கு கை வைக்காதீங்க.

முதல்ல சிலிப்பைப் படிப்போம். 93 மைல் வருதுன்னா இன்ஜின், டர்போ, எரிபொருள் எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். பலம் குறைஞ்சிருந்தா முடிவு வேகம்தான் முதல்ல விழும். உங்க நேரம் முழுக்க முதல் 60 அடியில போகுது. அங்க 0.1 செகண்ட் விட்டா கால் மைல் முடிவுல ஏறக்குறைய 0.15 ஆகி நிக்கும். இந்த வண்டி நல்லா கிளம்பினா 60 அடி 1.9 பக்கம் வரணும். நீங்க விடுறது 0.3, அப்போ முடிவுல 0.45. உங்க கணக்கு அங்கேயே நேராயிடுது.

எனக்கு மூணு விஷயம் சொல்லுங்க. டயரோட சைடுவால்ல டிஓடி-ன்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசைல கடைசி நாலு எண் என்ன, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியா. பட்டன் (தரையில படுற டயர் மேல் ரப்பர்) ஆழம் எவ்வளவு. தண்ணி தெளிச்ச இடத்தை எப்படிக் கடந்து லைனுக்குப் போறீங்க.

கறுப்பு_வண்டி

நன்றி அண்ணா. அளவு நாலுக்கும் ஒண்ணுதான், 245/50 ஆர்16. ஆனா டயர் ஒரே வகை இல்ல. நான் வாங்கும்போதே முன்னாடி ரெண்டும் புதுசு, பின்னாடி ரெண்டும் பழசு. முன் டயர்ல 0822, பின் டயர்ல 2314. பட்டன் முன்னாடி 32-ல 9 அங்குலம், பின்னாடி 32-ல 4. வெடிப்பு எதுவும் இல்ல, பார்க்க நல்லாத்தான் இருக்கு.

தண்ணி மேல நேரா ஓட்டிட்டுத்தான் போறேன். முன்னாடி போற வண்டி எல்லாம் அப்படித்தான் போகுது.

பழைய_கியர்

பாதி விடை இதுலயே வந்துடுச்சு.

2314-ன்னா 2014-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் வார்த்த டயர். பட்டன் இருக்கலாம், வெடிப்பு இல்லாம இருக்கலாம், ரப்பர் இறுகிப் போயிருக்கும். கை நகத்தால பட்டன் மேல அழுத்திப் பாருங்க. முன் டயர்ல நகம் பதியும், பின்னாடி பதியாது. அந்த இறுகின டயர்தான் உங்க வண்டியில பெரிய பங்கு டார்க்கை வாங்குது. சைக்ளோன்ல முன்னாடி 35 சதவீதம், பின்னாடி 65.

ரெண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பட்டன்ல 32-ல 5 அங்குலம் வித்தியாசம்னா டயரோட சுற்றளவுல கிட்டத்தட்ட ஒரு அங்குலம் வித்தியாசம். இந்த அளவு டயருக்கு சுற்றளவே 80 அங்குலம் சொச்சம்தான். ஒரு மைல் போறதுக்குள்ள பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட ஒன்பது பத்து சுத்து கூடுதலா சுத்துது. அந்த வித்தியாசத்தை முழுக்க விழுங்குறது விஸ்கஸ் கப்ளிங். வீட்டுல இருந்து ஸ்ட்ரிப்புக்கு ஹைவேல போற தூரம் பூரா அது உள்ள சூடாகிட்டே வருது. கப்ளிங் இன்னைக்கு நல்லா இருந்தாலும் இப்படியே ஓட்டினா ஒரு நாள் நிஜமாவே போயிடும். புதுசு போட்டாலும் இதே கதிதான்.

தண்ணி பத்தி. அந்தத் தண்ணி பட்டன் இல்லாத ஸ்லிக் டயர் போட்டவங்க நின்ன இடத்துலயே டயரைச் சுத்தி (பர்ன் அவுட்) சூடேத்திக்கிறதுக்கு. பட்டன் இருக்கிற தெரு டயர் காடியில தண்ணியை அள்ளிட்டு வந்து லைன்ல கொட்டும். ஆல் வீல் டிரைவ்ல நின்ன இடத்துல பர்ன் அவுட்டும் பண்ண முடியாது, அதனால அந்தத் தண்ணியால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. ஓரமா சுத்திப் போங்க. லைனுக்கு வர்ற வழியில பிசின் மாதிரி ஒட்டுற பகுதிக்கு வந்ததும் ஆக்ஸிலரேட்டரை சின்னதா ஒரு கிள்ளு கொடுத்தா டயர்ல இருக்கிற மண், கல்லு உதிர்ந்துடும். அது போதும்.

மாலதி_டெக்சஸ்

கறுப்பு_வண்டி, பூஸ்ட் முழுசா ஏத்திட்டு விடுறேன்னு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் கணக்கா பார்ப்போம்.

இன்ஜின் டார்க் 350 பவுண்டு-அடி. முதல் கியர் விகிதம் 3.06, ஆக்ஸில் விகிதம் 3.42, ரெண்டையும் பெருக்கினா 10.47. சக்கரத்துக்குப் போறது 3,660 பவுண்டு-அடி. டயரோட ஆரம் 1.07 அடி, அதால வகுத்தா தரையைத் தள்ளுற விசை 3,400 பவுண்டு. வழியில அஞ்சுல ஒரு பங்கு உராய்வுல போனாலும் 2,700 மிஞ்சும். வண்டியும் நீங்களும் சேர்ந்து சுமார் 3,800 பவுண்டு. இதுக்கு மேல நின்ன இடத்துல இருந்து கிளம்புறப்போ டார்க் கன்வர்ட்டர் தன் பங்குக்கு இன்னும் பெருக்கும். நல்ல டயருக்கே இது அதிகம். 2014 டயருக்குக் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது எடை. வீல்பேஸ் 108 அங்குலம். எடை மையம் தரையிலிருந்து 24 அங்குலம், நிக்கும்போது முன்னாடி 57 சதவீதம்னு வச்சுக்குவோம். 60 அடியை 1.9-ல கடக்க சராசரியா 0.8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துல 0.8 பங்கு) வேணும். அப்போ முன்னாடியிருந்து பின்னாடி மாறுற எடை 3,800 × 0.8 × 24 ÷ 108, அதாவது 675 பவுண்டு. பின் சக்கரம் மேல மொத்தத்துல 61 சதவீதம் உக்காரும். ஆனா பின்னாடி போற டார்க் 65. நாலு டயரும் ஒரே மாதிரி இருந்தாக்கூட பின்னாடிதான் முதல்ல வழுக்கும், இந்த வண்டியோட அமைப்பு அப்படி. அங்க போய் மோசமான ஜோடி உக்காந்திருக்கு.

இதுல ஒரு சுழல் இருக்கு. பின்னாடி வழுக்கினா முடுக்கம் குறையும். முடுக்கம் குறைஞ்சா எடை பின்னாடி வராது. எடை வராததால இன்னும் வழுக்கும். உங்க 2.21-ஐ இதே கணக்குல போட்டா 0.6 ஜி-க்கும் கீழ வருது. அதனால முதல் சக்கர நீளத்துல வழுக்காம வெளிய வர்றதுதான் முக்கியம். பூஸ்டை பாதியில நிறுத்தி பிரேக்கை விடுங்க, வண்டி உருண்டதும் மிதியை முழுசா கொடுங்க. பிரேக்குக்கு எதிரா லேசா இழுத்து வச்சா டிரைவ்லைன்ல இருக்கிற தொய்வும் எடுபடும், ஜாயின்ட் எல்லாம் அடிவாங்காம தப்பிக்கும்.

நான் ஓட்டுறது என்னிஸ்ல இருக்கிற டெக்சஸ் மோட்டார்ப்ளெக்ஸ்ல. அங்க கால் மைல் முழுக்க கான்கிரீட். அங்க வர்ற நேரத்தை லைன் தாண்டினதும் தார் ஆகிற ட்ராக்கோட ஒப்பிட்டுக் குழம்பாதீங்க. உங்க சிலிப்பை உங்க ட்ராக் சிலிப்போட மட்டும் ஒப்பிடுங்க.

டைஃபூன்_தீபன்

வணக்கம் அண்ணை, நான் டொராண்டோவில இருந்து. 1993 டைஃபூன் (ஜிஎம்சியின்ர எஸ்யூவி) வச்சிருக்கிறன், ட்ரைவ்லைன் உங்கட வண்டியின்ர மாதிரியேதான். கப்ளிங் பழுதாப் போட்டுதோ இல்லையோ எண்டு வீட்டிலேயே பாக்கலாம், காசு தேவையில்லை.

சமதரையில வண்டியை நிப்பாட்டி இன்ஜினை அணையுங்கோ. பின் சக்கரம் ரெண்டுக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை வையுங்கோ, பார்க்கிங் பிரேக்கையும் போடுங்கோ. பிறகு கியரை நியூட்ரல்ல விடுங்கோ. பார்க்கில விட்டா எல்லாம் இறுகி நிக்கும், ஒண்டும் தெரியாது. முன் சக்கரம் ஒண்டை மட்டும் ஜாக்கியால தூக்கி ஸ்டாண்டில இருத்துங்கோ. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம்.

இப்ப தூக்கின சக்கரத்தை நீளமான கம்பி ஒண்டு குடுத்து மெல்ல அமத்துங்கோ. கப்ளிங் நல்லா இருந்தா சக்கரம் கனமா, ஒரே சீரா, மெதுவா அசையும். கையாலயே லேசா சுத்துப்பட்டா உள்ளுக்கு இருக்கிற சிலிக்கோன் எண்ணெய் தன்ர வேலையை விட்டுட்டுது. எவ்வளவு அமத்தியும் அசையாட்டி தட்டெல்லாம் இறுகிப் போச்சு. இறுகின கப்ளிங் இன்னொரு விதத்திலயும் காட்டிக் குடுக்கும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு காய்ஞ்ச தார்த் தரையில மெதுவா வட்டம் அடிச்சா வண்டி துள்ளித் துள்ளிப் போகும்.

அந்த "டொக்" சத்தத்துக்கு நீங்கள் பயப்பிடத் தேவையில்லை எண்டு நினைக்கிறன். முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசம் வந்த பிறகுதான் விஸ்கஸ் கப்ளிங் வேலை செய்யத் துவங்கும். பின் டயர் அவ்வளவு வேகமாச் சுத்தினா அது ஒரேயடியாப் பிடிக்கும், நீங்கள் கேக்கிறது அதைத்தான். யூனிவர்சல் ஜாயின்ட்டையும் ஒருக்கா ஆட்டிப் பாருங்கோ.

கறுப்பு_வண்டி

தீபன், நீங்க சொன்னபடியே செஞ்சேன். ஒன்றரை அடி கம்பி கொடுத்து உடம்பு பாரத்தை மேல போட்டா சக்கரம் மெதுவா, ஒரே சீரா நகருது. விட்டா நின்னுடுது. வட்டம் அடிச்சுப் பார்த்தேன், துள்ளல் இல்ல. யூனிவர்சல் ஜாயின்ட்ல ஆட்டம் இல்ல. கப்ளிங் நல்லாத்தான் இருக்கு போல.

பின் டயர்ல நகம் பதியவே இல்ல அண்ணா. டயர் நாலையும் மாத்தப் போறேன். நேரா டிராக் ரேடியல் (ரேஸுக்குன்னே வர்ற ஒட்டுற டயர்) போட்டுடலாமா?

பழைய_கியர்

வேண்டாம் தம்பி. டிராக் ரேடியல் நாலு போட்டா டயர் வழுக்காது, சரி. வழுக்காத டயர் அந்த அடியை அப்படியே டிஃபரென்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அனுப்பும். சைக்ளோன் மொத்தமே மூவாயிரத்துக்குக் கீழதான் செஞ்சாங்க, 1991-ல 2,995. உதிரி பாகம் தேடி அலையுற நிலைமையை நாமளே உண்டாக்கிக்கக் கூடாது. மழையில வீட்டுக்கும் ஓட்டிட்டு வரணும்.

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாள்ல வாங்கின நாலு டயர். சைடுவால்ல ட்ரெட்வேர் எண் இருக்கும், அது குறைய குறைய ரப்பர் மெத்துனு இருக்கும். இந்த அளவுல இப்போ தேர்வு கம்மி, கிடைக்கிறதுல எண் குறைவானதைப் பாருங்க.

காத்து பத்தி. பின்னாடி 28, முன்னாடி 32-ல ஆரம்பிங்க. பட்டன் மேல குறுக்கா சாக்பீஸ் கோடு போட்டுட்டு ஓட்டுங்க. ரெண்டு ஓரமும் அழிஞ்சு நடுவுல கோடு மிச்சம் இருந்தா காத்து ரொம்பக் குறைச்சிட்டீங்க, நடுவுல மட்டும் அழிஞ்சா இன்னும் குறைக்கலாம். ஒரு ஓட்டத்துக்கு ரெண்டு பிஎஸ்ஐ-க்கு மேல மாத்தாதீங்க. வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி மறக்காம திரும்ப அடிச்சுக்கோங்க. ஹைவேல காத்து குறைஞ்ச டயர் சூடாகி வெடிச்சா உயிருக்கே ஆபத்து.

ஸ்டார்ட்டிங் லைன்ல விளக்குக் கம்பத்துல மேல் பல்பு எரிஞ்சதும் இன்ச் இன்ச்சா நகர்த்தி ரெண்டாவது பல்பு எரிஞ்ச அந்த நொடியே நில்லுங்க. ரெண்டு ஒளிக்கதிருக்கும் நடுவுல 7 அங்குலம்தான். அதிகமா உள்ள போனா நேரக்கணக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கிடைக்கிற அந்தச் சின்ன ஓட்டம் போயிடும், 60 அடி நேரம் கூடும்.

கறுப்பு_வண்டி

டயர் மாத்தி ஓட்டிட்டு வந்தேன். தண்ணியைச் சுத்திப் போனேன், பூஸ்ட் பாதி, பின்னாடி 28, முன்னாடி 32.

60 அடி 1.93. கால் மைல் 14.22, வேகம் அதே 93.

"டொக்" சத்தம் இல்லவே இல்ல. பின்பக்கம் ஒட்டிக்கிட்டு அப்படியே பாயுது. நாப்பது நிமிஷம் காத்துக்கிட்டு நின்னு, அந்தத் துண்டுச் சீட்டை ஜன்னல்ல வாங்கி 1.93-ஐப் பார்த்தப்போ வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியல. மூணு பேருக்கும் நன்றி. டிரான்ஸ்ஃபர் கேஸ் செலவை நிறுத்திட்டீங்க.

ஒரே ஒரு விஷயம். வீடியோவை மெதுவா ஓட்டினா முன் இடது சக்கரம் மட்டும் கால் சுத்து வழுக்குற மாதிரி தெரியுது. வலது சரியா இருக்கு.

மாலதி_டெக்சஸ்

அருமையான முன்னேற்றம், வாழ்த்துகள். இடது பக்கம் வழுக்குறதுக்குக் காரணம் இருக்கு. பின் ஆக்ஸில் ஒரே துண்டு. டிரைவ் ஷாஃப்ட் முறுக்கும்போது அந்த ஆக்ஸில் வலது சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும், எதிர்வினையா பாடி வலது பின் பக்கம் சாயும், இடது முன் மூலை மேல எழும்பும். கிளம்புற நொடியில முன்னாடி லேசா இருக்கிற சக்கரம் அதுதான். பின்னாடி லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்குறதைக் கட்டுப்படுத்துற டிஃபரென்ஷியல்) இருக்கு, முன் டிஃபரென்ஷியல் ஓப்பன், அந்தக் கட்டுப்பாடு இல்ல. அதனால முன்னாடி லேசான சக்கரம் எவ்வளவு தாங்குதோ அவ்வளவுதான் வலதுக்கும் கிடைக்கும்.

முன் உயரத்தை ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க. முன்னாடி ஸ்பிரிங்குக்குப் பதிலா டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) இருக்கிறதால உயரத்தை போல்ட்டுலயே திருகி மாத்தலாம், யாராவது ஒரு பக்கம் அதிகமா திருகியிருக்கலாம். ஷாக் பழசா இருந்தா முன்பக்கம் சட்டுனு எழும்பும், அதையும் பாருங்க. பின்-சக்கர டிராக் வண்டிக்கு முன்பக்கம் எழும்பணும்னு சொல்ற அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது.

கறுப்பு_வண்டி

அளந்தேன். ஃபெண்டர் விளிம்புல இருந்து தரை வரைக்கும் இடது பக்கம் அரை அங்குலம் உயரம். இடது டார்ஷன் பார் போல்ட்டுல மட்டும் மரை பளபளன்னு இருக்கு, யாரோ திருகியிருக்காங்க. ஷாக்ல எண்ணெய் கசிவு இல்ல.

பழைய_கியர்

அப்போ அதைச் சரி பண்ணுங்க, வேற எதையும் தொடாதீங்க. இடது முன் சக்கரத்தைத் தூக்கி வச்சுட்டு போல்ட்டைத் தளர்த்துங்க, பாரம் மேல இருக்கும்போது திருகினா மரை போயிடும். இறக்கினதும் வண்டியைக் கொஞ்சம் உருட்டிட்டு அளங்க, இல்லாட்டி சஸ்பென்ஷன் படியாது. உயரம் மாறினா டோ (முன் சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கிற அளவு) மாறும், கட்டாயம் அலைன்மென்ட் பண்ணணும். ஓட்டுறப்போ காத்து, பூஸ்ட் எல்லாம் போன தடவை மாதிரியே வச்சுக்கோங்க, அப்போதான் எதால மாறிச்சுன்னு தெரியும்.

டைஃபூன்_தீபன்

அலைன்மென்ட் செய்யேக்க ஓட்டுற ஆளின்ர பாரத்தை சீட்டில வைக்கச் சொல்லுங்கோ அண்ணை. லைன்ல ஸ்டியரிங்கை நேராப் பிடிக்கிறதும் முக்கியம், வீடியோவில டயர் கொஞ்சம் ஒடிஞ்சிருக்கோ எண்டும் பாருங்கோ.

கறுப்பு_வண்டி

சரி. வெள்ளிக்கிழமை அலைன்மென்ட்டுக்கு விடுறேன், சனிக்கிழமை ட்ராக் திறந்திருக்கு. புது சிலிப்பையும் முன்பக்க வீடியோவையும் இங்கேயே போடுறேன்.