மறு: ‘உயிர்கொல்லா ஆயுதம்’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

ஆளைக் கொல்லாமல் தடுத்து நிறுத்துவதற்கென்று வந்த, ஆங்கிலத்தில் ‘non-lethal weapons’ எனப்படும் படைக்கலங்களுக்கு ‘உயிர்கொல்லா ஆயுதம்’ என்ற பெயர் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். அதைக் கலைச்சொற்பட்டியலில் சேர்ப்பதற்கு எனக்கு உடன்பாடில்லை. ஓசையில் குறையொன்றுமில்லை, ஆனால் ‘கொல்லா’ என்னும் எதிர்மறைப் பெயரெச்சம், எக்காலத்திலும் எந்நிலையிலும் கொல்லாது என்று உறுதி கூறிவிடுகிறது. அத்தகைய உறுதியை இவற்றைக் கையாளுபவர்களே தருவதில்லை. உயிரிழப்பு அறவே நேராது என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1996-இல் வகுத்த கொள்கை, ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கொல்லும் வாய்ப்புக் குறைந்தவை என்ற அளவில்தான் இவற்றைக் குறிக்கிறது.

வட அயர்லாந்தில் 1970-இல் வந்த ரப்பர் குண்டு, தரையில் பட்டுத் தெறித்துக் காலைத் தாக்குவதற்காக உருவானது. ஆட்களை நோக்கி நேராகவும் சுட்டார்கள். அதனாலும் பின்வந்த பிளாஸ்டிக் குண்டாலும் 17 பேர் இறந்தனர். 2002-இல் மாஸ்கோ நாடக அரங்கில் பிணைபிடித்தவர்களைச் செயலிழக்கச் செய்யக் காற்றில் கலந்த மயக்க மருந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பிணைக்கைதிகளின் உயிரைக் குடித்தது.

இதை விளங்கிக்கொள்ள அயல்நாட்டுக்குப் போகவேண்டியதும் இல்லை. செட்டிநாட்டை உள்ளடக்கிய சிவகங்கைச் சீமையின் வளரி என்னும் வளைந்த எறிதடி, தப்பியோடுபவரின் காலை நோக்கி எறிந்தால் ஆளை வீழ்த்திப் பிடிக்க உதவும். கழுத்தை நோக்கி எறிந்தால் உயிர் போகும். சின்ன மருதுவிடம் அதை எறியக் கற்று, 1801-இல் அவருக்கு எதிராகவே போரிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி வெல்ஷ், தேர்ந்த கையில் அது நூறு கெசத்துக்குள் குறி தவறாது என்று எழுதியிருக்கிறார். ஆகவே கொல்வதும் விடுவதும் குறிபார்க்கும் கையைப் பொறுத்தவை. படைக்கலத்தின் பெயரில் அவற்றை ஏற்றுவது முறையன்று.

‘முடக்கு படைக்கலம்’ என்பது என் பரிந்துரை. செய்யும் வேலையைச் சொல்கிறது. உயிரைப் பற்றி வாக்குறுதி தரவில்லை. ‘முடக்கு’ என்றதும் முடக்குவாதம் நினைவுக்கு வரும் என்ற தடையை எதிர்பார்க்கிறேன். ஆனால் 2020-இன் பொதுமுடக்கத்திற்குப் பிறகு, தற்காலிகமாக நிறுத்திவைத்தல் என்ற பொருளும் எல்லார் நாவிலும் பழகிவிட்டது. ‘படைக்கலம்’ என்பதைக் ‘கருவி’ என்று மென்மையாக்குவதை மட்டும் ஏற்கமாட்டேன். காஷ்மீரில் பெல்லட் என்னும் சிறு உலோகக் குண்டுகள் பட்டுப் பார்வை இழந்தவர்களிடம் போய் அதைக் கருவி என்று சொல்ல முடியுமா?

உட்பிரிவுகளில், மின்னதிர்ச்சி தரும் டேசர் துப்பாக்கிக்கு ‘மின்முடக்கி’ பொருந்தும்: மெல்லிய கம்பியோடு பாயும் இரண்டு முட்களும் தைத்து மின்சுற்று நிறைவுற்றால்தான் தசைகள் இறுகி ஆள் சாய்வார். ‘கண்ணீர்ப் புகை’ அப்படியே இருக்கட்டும். உள்ளே இருப்பது நுண்ணிய திடத்துகள் என்பதால், ‘கண்ணீர் வாயு’ என்பதைவிட அது சரியானதுங்கூட. மிளகாயின் காரப்பொருளை ஒத்த பாவா (PAVA) என்னும் வேதிப்பொருள் அடைத்த குண்டுக்குக் ‘கமறல் குண்டு’ எனலாம். எங்கள் பக்கத்து அடுப்படிகளில் மிளகாய் வறுபடும்போது எழுவதும் அதே கமறல்தான்.

‘முடக்கு படைக்கலம்’ வினைத்தொகை ஆதலால் இடையில் ‘ப்’ மிகாது. பட்டியலைத் தட்டச்சு செய்பவர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

காரைக்குடியிலிருந்து,
அன்புடன்.