பொருள்: கணவாய்க்குச் ‘சிறை வளர்ப்பு’ பொருந்துமா?

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் கலைச்சொல் குழுவினருக்கும் வணக்கம்.

ஆய்வுக்கென ஊசிக் கணவாய் (squid), ஓட்டுக் கணவாய் (cuttlefish) ஆகிய கடலுயிர்களைத் தொட்டியில் வளர்ப்பதற்குத் தாங்கள் முன்வைத்த ‘சிறை வளர்ப்பு’ என்னும் சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். கடலில் பிடித்ததை அடைத்து வைப்பதையும், முட்டையிலிருந்து வளர்த்து மீண்டும் முட்டையிடச் செய்வதையும் அச்சொல் ஒன்றாக்கிவிடுகிறது. உடலியங்கியல் அறிஞர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் வெளியிட்ட நரம்புத் துடிப்பு ஆய்வுகளுக்குப் பிடித்து வந்த ஊசிக் கணவாயே போதும். அவர்களுக்கு வேண்டியது அதன் தடித்த நரம்பிழைதான், வயதோ மரபுவழியோ அன்று. கற்றலையும் நிறமாற்றத்தையும் தலைமுறை மாற்றங்களையும் ஆராய்வோருக்கோ வயதும் மரபுவழியும் தெரிந்தாக வேண்டும். எனவே பிடித்ததை அடைத்து வைப்பதை ‘இருத்துதல்’ என்றும், முட்டையிலிருந்து வளர்ப்பதை மட்டும் ‘வளர்ப்பு’ என்றும் பிரிக்கப் பரிந்துரைக்கிறேன். வேறு சொற்களும் பொருந்தவில்லை: ‘கூண்டு வளர்ப்பு’ கடலில் மிதக்கும் மீன் கூண்டுகளுக்கு வழங்கிவிட்டது. ‘பண்ணை’ என்றால் விற்பனைதான் நினைவுக்கு வரும்.

கடலே இல்லாத சேலத்திலிருந்து கணவாய்க்குச் சொல் தேடுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இம்மாவட்டத்துப் பட்டுப்புழு வளர்ப்போரிடம் நமக்கு வேண்டிய சொற்கள் ஆயத்தமாக உள்ளன. புழு வளரும் கட்டடம் அவர்களுக்கு ‘வளர்ப்பு மனை’. இரண்டாம் தோலுரிப்பு வரையுள்ள பருவத்தைத் தனியே பிரித்து, கொழுந்திலை கொடுத்துப் பேணுவது ‘இளம்புழு வளர்ப்பு’. கணவாயிலும் இடர் மிகுந்தது அந்தத் தொடக்கப் பருவமே. பொரித்த ஓட்டுக் கணவாய்க் குஞ்சு உருவில் தாயை ஒத்திருந்தாலும், தொடக்கத்தில் அசையும் உயிரிரையையே நாடுவதால், மைசிட் போன்ற சிறு கூனியினங்களை நாள்தோறும் உயிருடன் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊசிக் கணவாய்க் குஞ்சோ மிகச் சிறியது. நீரில் மிதந்து திரிவது. வளர்ந்த பின்னும் ஓயாமல் நீந்தித் தொட்டிச் சுவரில் மோதித் தோல் புண்பட்டு இறக்கக்கூடியது. ஆகவே ‘இளங்கணவாய் வளர்ப்பு’ என்பதைத் தனிச்சொல்லாகவே பதிவு செய்யலாம். வளாகத்தைக் ‘கணவாய் வளர்ப்பு மனை’ எனலாம்.

மறுமொழி:

அன்புள்ள தம்பிக்கு,

‘இருத்துதல்’, ‘வளர்ப்பு’ என்னும் பிரிவினையை ஏற்று, ‘சிறை’யைத் திரும்பப் பெறுகிறேன். ‘இளங்கணவாய்’ நன்று. ‘மனை’யில்தான் சிறு தயக்கம்: ஏற்காடு அடிவாரம் முழுவதும் ‘மனை விற்பனைக்கு’ என்ற பலகைகளைப் பார்த்துப் பழகியவர்கள் அதனைக் காலி நிலமாகவே கொள்வர். ஆகையால் ‘வளர்ப்பு மனை’ என்று முழுமையாகவே எழுத வேண்டும், எங்கும் ‘மனை’ எனச் சுருக்கக் கூடாது என்ற குறிப்போடு பட்டியலில் சேர்க்கலாம். ஓராண்டு, ஈராண்டே வாழும் ஓட்டுக் கணவாயைப் பல தலைமுறைகள் தொடர்ந்து வளர்ப்பதற்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘தலைமுறைத் தொடர் வளர்ப்பு’ என்பது நீளமாகப் படுகிறது; ‘வழிவளர்ப்பு’ என்று குறுக்கினால் பொருள் விளங்குமா என்பதைக் கடலுயிரியல் படித்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.